குடல் பாலிப்: ஆராய்ச்சி கண்டதும் உழைப்பாளிக்குக் கிடைப்பதும்

(மக்கள் நல்வாழ்வு குறித்த உறுப்பினர் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தியாவின் பெருநகரம் எதற்கும் இரயிலில் செல்பவர் கண்ணில், நிலையம் நெருங்கும்போது இருப்புப்பாதையோரச் சுவர்களில் ஒரு விளம்பரம் தவறாமல் படும். மூலம், பவுத்திரம் ஆகியவற்றுக்கு அறுவையின்றி நிச்சய குணம் என்று அது உறுதி கூறும். வட மாநிலங்களில் அதே விளம்பரம் 'பவாசீர்' என்ற சொல்லோடு இந்தியில் இருக்கும். கீழே ஒரு கைப்பேசி எண் இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் முறையாகப் படித்த மருத்துவரா என்பதைச் சுவர் சொல்வதில்லை. ஆயினும் மலத்தோடு இரத்தம் போகக் காணும் ஒரு கட்டுமானத் தொழிலாளி பல நேரங்களில் முதலில் நாடுவது அந்த எண்ணைத்தான். அறியாமை மட்டும் இதற்குக் காரணமன்று. அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகும். ஆசனவாய் தொடர்பான நோயை வெளியே சொல்லக் கூச்சம் தடுக்கும். பெண்களுக்கு அந்தக் கூச்சம் இருமடங்கு.

இவ்வாறு இரத்தம் போவோரில் பெரும்பாலோர்க்கு இருப்பது மூலமே. அதில் ஐயமில்லை. ஆனால் சிலரிடம் இரத்தம் கசிவது பெருங்குடலின் உட்சுவரில் முளைத்த பாலிப் எனப்படும் சதைமொட்டிலிருந்து. இன்னும் சிலரிடம், அத்தகைய மொட்டு முற்றிப் புற்றாகிவிட்ட இடத்திலிருந்து. இம்மூன்றையும் நோயாளி சொல்வதைக் கேட்டு மட்டும் பிரித்தறிய இயலாது. களிம்பும் லேகியமுமாக ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துவிட்டு, உடல் மெலிந்து, இரத்தம் வற்றிய நிலையில் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்களைப் பற்றி அத்துறை மருத்துவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

துயரம் என்னவெனில், மனிதனைத் தாக்கும் புற்றுநோய்களுள், தோன்றும் முன்பே அறுத்தெறியக்கூடிய மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

பத்தாண்டு அவகாசம்

பெருங்குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வின் உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியன தோன்றுகின்றன. இந்த ஓயாத புதுப்பித்தலில் ஓரிடத்தில் கட்டுப்பாடு தவறினால் அங்கே சவ்வு தடித்து மொட்டு விடுகிறது. சில மொட்டுகள் காளானைப் போலக் காம்புடன் தொங்கும். சில தட்டையாகச் சவ்வோடு ஒட்டிக் கிடக்கும். பின்னவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். எல்லா மொட்டும் புற்றாவதில்லை. அடினோமா என்னும் வகையும், ரம்பப் பல் போன்ற அமைப்புடைய மற்றொரு வகையுமே கவலைக்குரியவை. அவற்றிலும் சிறுபகுதியே புற்றாக மாறுகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டீன் இருவரும் 1990இல் இம்மாற்றத்தின் மரபணு வரைபடத்தை வகுத்தளித்தனர். ஒரே அடியில் புற்று தோன்றுவதில்லை. ஒரு மரபணுவில் பழுது, பின் இன்னொன்றில், பின் மற்றொன்றில் என்று படிப்படியாகப் பழுதுகள் சேர்ந்து, ஒரு கட்டத்தில் உயிரணு தன் எல்லையை மீறுகிறது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு எடுத்துக்காட்டுத் தேடும் தத்துவ ஆசிரியர்கள், தண்ணீர் நீராவியாவதை விட்டுவிட்டு இதையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கலாம். நடைமுறைக்கு முக்கியமானது, இப்பயணத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது என்பதே. இயற்கை அவ்வளவு நீண்ட அவகாசம் தருகிறது.

அந்த அவகாசத்தை முதலில் பயன்படுத்தியவர்கள் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் பணிபுரிந்த வில்லியம் வுல்ஃப், ஜப்பானிலிருந்து வந்த ஹிரோமி ஷின்யா ஆகிய இருவர். 1969இல், வயிற்றைக் கிழிக்காமல், ஆசனவாய் வழியாகச் செலுத்திய வளையும் குழாயினுள் ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி மொட்டின் காம்பைச் சுருக்கிட்டு அறுத்தனர். அதுவரை அதற்குப் பெரிய அறுவை சிகிச்சையே வழி. அறுத்தது பயன் தந்ததா என்பதற்கு விடை 1993இல் வந்தது. அமெரிக்கத் தேசியப் பாலிப் ஆய்வில் மொட்டுகள் நீக்கப்பட்ட 1,418 பேரைச் சராசரியாக ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனித்தபோது, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 விழுக்காடு வரை குறைவாகவே குடல் புற்று தோன்றியிருந்தது. 2012இல் வெளிவந்த தொடர் ஆய்வு, இப்புற்றால் நேரும் இறப்பும் 53 விழுக்காடு குறைந்ததாகக் கூறியது.

அழைப்பும் வருகையும்

அப்படியானால் ஒரு வயதைக் கடந்த அனைவருக்கும் குடல் உள்நோக்குப் பரிசோதனை, அதாவது கொலனோஸ்கோப்பி, செய்துவிட்டால் என்ன? இக்கேள்விக்கு விடை தேடியதே நார்டிக் ஆய்வு. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரையிலான 84,585 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் பரிசோதனைக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. மற்றப் பிரிவுக்கு அனுப்பப்படவில்லை. பத்தாண்டு முடிவுகள் 2022 அக்டோபரில் வெளியாயின. அழைக்கப்பட்டோரில் 0.98 விழுக்காட்டினருக்கும் அழைக்கப்படாதோரில் 1.20 விழுக்காட்டினருக்கும் குடல் புற்று வந்திருந்தது. ஒருவருக்குப் புற்று வராமல் தடுக்க 455 பேரை அழைக்க வேண்டியிருந்தது. இறப்பில் 0.28, 0.31 என்ற வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்கே சிறியது.

அமெரிக்க ஊடகங்கள் சில, கொலனோஸ்கோப்பி பயனற்றது என்று எழுதிவிட்டன. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அழைக்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினரே பரிசோதனைக்கு வந்தனர். வந்தவர்களை மட்டும் கணக்கில் கொண்டு மதிப்பிட்டால் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. மருத்துவச் செலவை அரசே பெரும்பாலும் ஏற்கும் நார்டிக் நாடுகளை உள்ளடக்கிய ஆய்விலேயே பாதிக்கு மேற்பட்டோர் வரவில்லை. ஒரு பரிசோதனையின் ஆற்றல் வேறு. அது மக்களிடம் சென்று சேர்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் மருத்துவத் துறையில் மட்டுமல்ல, திட்டமிடும் துறைகளிலும் உண்டு.

ஸ்பெயினில் 57,404 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. இந்தியாவுக்கு அதுவே கூடுதல் பாடம் தருகிறது. ஒரு பிரிவினருக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி. மற்றப் பிரிவினருக்கு இரண்டு ஆண்டுக்கொருமுறை மலச் சோதனை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் மனித இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை அது. இரத்தம் இருப்பதாகத் தெரிந்தவருக்கு மட்டுமே பின்னர் கொலனோஸ்கோப்பி. பத்தாண்டு முடிவில் குடல் புற்றால் இறந்தோர் முதல் பிரிவில் 0.22 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.24 விழுக்காடு. இலட்சக்கணக்கில் விலையுள்ள கருவியும் ஒரு சிறு குச்சியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. குச்சியின் பக்கம் கூடுதலானோர் வந்ததும் ஒரு காரணம்: முதல் பிரிவில் 31.8 விழுக்காட்டினர், இரண்டாவதில் 39.9 விழுக்காட்டினர். நெதர்லாந்து 2014 முதல் 55 வயதிலிருந்து 75 வயது வரையுள்ளோர் வீட்டுக்கு இச்சோதனைக் குச்சியைத் தபாலில் அனுப்பி வருகிறது. தைவான் 2004லேயே தேசிய அளவில் தொடங்கிவிட்டது.

இந்தியாவின் கணக்கு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேலை நாடுகளில் செய்வதை எல்லாம் அப்படியே இந்தியாவிலும் செய்ய வேண்டும் என்று கேட்பது மக்கள் நல்வாழ்வுக் கோரிக்கை ஆகாது. நார்வேயில் வயதுக்கேற்பச் சீராக்கிய கணக்கில் ஓராண்டில் இலட்சம் பேருக்கு 40க்கு மேற்பட்டோர் குடல் புற்றுக்கு ஆளாகின்றனர். இந்தியாவில் அது சுமார் 5 மட்டுமே. நாட்டின் மக்கள்தொகை பெரிது என்பதால் இந்தச் சிறு வீதமும் ஆண்டுக்குச் சுமார் 70,000 புதிய நோயாளிகள் என்று ஆகிறது. ஆயினும் ஐம்பது வயதைக் கடந்த அனைவருக்கும் கொலனோஸ்கோப்பி என்பது, இருக்கும் சில கருவிகளையும் சில மருத்துவர்களையும் நோயற்றவர்களிடம் செலவிட்டு, இரத்தம் போகும் நோயாளியை இன்னும் பின்னுக்குத் தள்ளுவதில் முடியும்.

பெருமருத்துவமனைகள் இதைத்தான் வேறு பெயரில் செய்கின்றன. 'முழுஉடல் பரிசோதனை' என்று தொகுப்பு விலையில் விற்கப்படுவதில், மாதச் சம்பளமும் காப்பீடும் உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு அறிகுறி எதுவுமின்றியே குடல் முழுதும் பார்க்கப்படுகிறது. அதே நகரத்தில், ஆறு மாதமாக இரத்தம் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆசனவாயில் கையுறை அணிந்த விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைகூட நடப்பதில்லை. அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு கையுறையின் விலை. ஆசனவாயை அடுத்துள்ள மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியில் பலவும் அந்த விரலுக்கே எட்டிவிடும்.

ஒன்றிய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் முப்பது வயதைக் கடந்தோரிடம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளைத் தேட வேண்டும் என்பது ஏட்டளவிலாவது உள்ளது. குடல் புற்று அதில் இல்லை. வீதம் குறைவு என்பதால் எல்லாருக்குமான சோதனை இல்லாதது நியாயமே. அறிகுறி உள்ளவர்க்கும் இரத்த உறவில் இந்நோய் உள்ளவர்க்கும் எந்த வழியும் வகுக்கப்படாமல் இருப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது. பிரிட்டனில் 2023 முதல் இத்தகைய அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப நிலை மருத்துவரே மலச் சோதனை செய்து, அதன் அளவைக் கொண்டு யாரை விரைந்து கொலனோஸ்கோப்பிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் முறை பரிந்துரைக்கப்பட்டுள்ளது. இந்தியாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இது ஏற்ற வழி. ஒரு சிக்கல் உண்டு. வெப்பத்தில் அம்மாதிரியிலுள்ள இரத்தப் புரதம் சிதைந்து, நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். இத்தாலியின் கோடையிலேயே இது கவனிக்கப்பட்டுள்ளது. நாக்பூரின் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பூசிக்கு உள்ள குளிர்பெட்டியில் இக்குச்சிக்கும் ஓர் இடம் ஒதுக்கினால் போதும்.

வயதும் கவனத்துக்குரியது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 2017இல் வெளியிட்ட 800 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் சராசரி வயது 47. மக்கள்தொகையில் இளைஞர் மிகுதி என்பதும், தொலைவிலிருந்து பயணம் செய்து வரக்கூடியவர்களே அங்கு வருகிறார்கள் என்பதும் இதற்கு ஓரளவு காரணமாகலாம். ஆனாலும், வயது குறைவு, ஆகவே மூலமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவது இங்கே ஆபத்தானது. உலகெங்கும் ஐம்பது வயதுக்குட்பட்டோரிடம் இந்நோய் கூடிவருகிறது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தனர். காரணங்களைத் தேடும் ஆய்வுகளுள், 11 நாடுகளின் குடல் புற்று மரபணுக்களை ஆராய்ந்து 2025இல் வெளிவந்த ஒன்று, குடல்வாழ் பாக்டீரியாக்கள் சில சுரக்கும் கொலிபாக்டின் என்ற நஞ்சின் தடயம் 70 வயதைக் கடந்தோரைவிட 40 வயதுக்குட்பட்டோரிடம் 3.3 மடங்கு மிகுதி என்று காட்டியது. அந்தத் தடயம் குழந்தைப் பருவத்திலேயே பதிகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அறுக்கும் முறையில் மாற்றம்

சிகிச்சையில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்துள்ள மாற்றம், விலை ஏறாமல் பயன் கூடிய அரிய நிகழ்வு. நெடுங்காலம் மொட்டை அறுக்கும் சுருக்குக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சி, சுட்டு அறுத்தனர். இரத்தம் வராதிருக்க அதுவே பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. ஆனால் சூட்டுப்புண் குடற்சுவரில் ஆழ இறங்குகிறது. வீடு திரும்பிய சில நாள்களில் புண்ணின் பொருக்கு உதிர்ந்து இரத்தம் பெருகுவதுண்டு. தைவானில் 4,270 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 4 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான மொட்டுகளை ஒரு பிரிவினருக்கு மின்சாரமின்றி வெறும் கம்பியாலேயே அறுத்தனர். பின்னர் இரத்தம் பெருகியது, சூட்டில் அறுத்தவர்களில் 1.5 விழுக்காட்டினருக்கு; வெறும் கம்பியில் 0.4 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மாவட்ட மருத்துவமனைக்கு இதன் பொருள் தெளிவு. மின்சூட்டுக் கருவி பழுது என்று நோயாளியைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டியதில்லை. மேலும், அறுத்த மறுவாரம் ஊருக்குத் திரும்பியோ வேலைக்குச் சென்றோ இரத்தம் பெருகினால், பக்கத்தில் மருத்துவமனை இல்லாதவருக்கு அந்த 1.5க்கும் 0.4க்கும் உள்ள வேறுபாடு உயிரின் வேறுபாடு.

பெரிய மொட்டுகளில் கதை அவ்வளவு நேரானதன்று. ஜெர்மனியில் 2024இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தட்டை மொட்டுகளைச் சூடின்றி அறுத்தபோது பெரும் பாதகங்கள் 7.9 விழுக்காட்டிலிருந்து 1.0ஆகக் குறைந்தன. ஆனால் மொட்டு மீண்டும் முளைத்தது 13.8இலிருந்து 23.7 விழுக்காடாக உயர்ந்தது. மறுபரிசோதனைக்குத் தவறாது வரக்கூடியவருக்கே அம்முறை பொருந்தும். ஜப்பானியர் வளர்த்தெடுத்த, மொட்டைச் சவ்வின் அடியிலிருந்து முழுமையாக உரித்தெடுக்கும் முறை இந்தியப் பெருமருத்துவமனைகளிலும் செய்யப்படுகிறது. அதற்கு நீண்ட பயிற்சி தேவை.

அறுத்த மொட்டைத் திசு ஆய்வுக்கு அனுப்பாமல் விடுவது அறுக்காமல் விடுவதற்கு ஒப்பு. எந்த வகை, எவ்வளவு முற்றியது என்று நோய்க்குறியியல் மருத்துவர் சொன்னால்தான் அடுத்து எப்போது பார்ப்பது என்பது தெரியும். இவ்விடைவெளியும் ஆராய்ச்சியால் மாறியுள்ளது. பத்து மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒன்றிரண்டு சாதாரண அடினோமாக்களை நன்கு அகற்றியவருக்கு அடுத்த பரிசோதனை 7 முதல் 10 ஆண்டுகளில் போதும் என்கிறது 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல். அதே ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி அத்தகைய சிறு அடினோமாக்கள் நான்கு வரை இருந்தாலும் தனிக் கண்காணிப்பே வேண்டாம். ஆண்டுதோறும் வந்து பாருங்கள் என்று சொல்லும் மருத்துவமனையிடம், எந்த வழிகாட்டுதலின்படி என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. மறுபுறம், மொட்டுகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும் பரம்பரை நோய் உள்ள குடும்பத்தில் இந்தத் தாராளம் கூடாது. அங்கே குடலை அகற்றாவிடில் நாற்பதுகளிலேயே புற்று ஏறத்தாழ நிச்சயம். ஒருவருக்குக் கண்டால் பிள்ளைகள் அனைவரையும் பார்த்தாக வேண்டும்.

எந்திரத்தின் கண்ணும் மனிதனின் கண்ணும்

செயற்கை நுண்ணறிவு இத்துறைக்கு முன்னரே வந்துவிட்டது. திரையில் மொட்டு இருக்கும் இடத்தைக் கட்டமிட்டுக் காட்டும் மென்பொருள்கள் விற்பனையில் உள்ளன. இத்தாலியில் 2020இல் வெளிவந்த ஆய்வில், மென்பொருளின் துணையோடு பார்த்தபோது 54.8 விழுக்காட்டினரிடமும் துணையின்றிப் பார்த்தபோது 40.4 விழுக்காட்டினரிடமும் அடினோமா கண்டுபிடிக்கப்பட்டது. வியக்கத்தக்க வேறுபாடுதான். ஆனால் கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் மிகச் சிறியவை. அவற்றை அகற்றியதால் எத்தனை புற்று தவிர்க்கப்பட்டது என்பதற்கு நீண்டகாலச் சான்று இன்னும் இல்லை. இதனால் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்ற பக்கமே, உறுதி குறைந்த குரலில், சாய்ந்தது.

அதே ஆண்டு போலந்திலிருந்து வந்த செய்தி தொழிற்சங்கத் தோழர்களுக்கு மிகவும் பழகிய ஒன்று. நான்கு மையங்களில் இம்மென்பொருள் புகுத்தப்பட்டது. சில பரிசோதனைகள் அதனோடும் சில அதனின்றியும் நடந்தன. மென்பொருள் வருவதற்கு முன் அந்த மருத்துவர்கள் தம் சொந்தக் கண்ணால் பார்த்து 28.4 விழுக்காட்டினரிடம் அடினோமாவைக் கண்டிருந்தனர். மென்பொருளுக்குப் பழகிய பின், அது இல்லாத வேளைகளில் அவர்கள் கண்டது 22.4 விழுக்காடு. சில மாதங்களில் நிகழ்ந்த வீழ்ச்சி இது. குலுக்கல் முறை ஆய்வன்று என்பதால் இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆயினும் எந்திரம் தொழிலாளியின் திறனை உறிஞ்சிக்கொண்டு அவரை வெறும் துணையாக்குவது பற்றி ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவர்கள் பட்டறைத் தொழிலாளர்களும் எழுத்தர்களும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்த குடல் மருத்துவ வல்லுநரும் அந்த வரிசையில் வந்து நிற்பார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எந்திரம் வேண்டாம் என்பதல்ல வாதம். மின்தடையும் உரிமக் கட்டணமும் உள்ள நாட்டில், எந்திரம் இல்லாத நாளிலும் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

கண்ணைப் பற்றிப் பேசும்போது கையையும் பேச வேண்டும். கொலனோஸ்கோப்பின் உள்ளே ஓடும் குறுகிய குழாய்களை ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் தூரிகை விட்டுக் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னரே கிருமிநீக்கி. அதற்குப் பரவலாகப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. காற்றோட்டமில்லாத பின்னறையில் அந்த வாளியருகே நிற்பவர் பல இடங்களில் ஒப்பந்தப் பணியாளர். ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் அவர் இடம்பெறுவதில்லை.

குழந்தைகளும் 'கேஸ்' மாத்திரையும்

இந்தியாவில் குழந்தைக்கு வலியின்றி மலத்தோடு சிவந்த இரத்தம் போனால் அதற்குப் பாலிப் முக்கியக் காரணங்களுள் ஒன்று. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர்கள் 236 குழந்தைகளைப் பற்றி 1998இல் எழுதியதில், மிகப் பெரும்பாலோரிடம் இருந்தவை இளம்பருவப் பாலிப் என்னும் தீங்கற்ற வகை. பெரும்பாலும் ஒன்றே ஒன்று, கீழ்க்குடலிலேயே இருக்கும். அறுத்தால் குணம். அதுவரை பூச்சி மருந்தும் சூட்டு மருந்துமாகக் கொடுத்து, குழந்தை சோகை பிடித்து வெளிறிப்போகும் வீடுகள் எத்தனையோ. ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் அது வேறு நோய். தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

இரைப்பையிலும் பாலிப் வரும். அதில் ஒருவகை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோரிடம் தோன்றுவது. 'கேஸ் மாத்திரை' என்று மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கி நாள்தோறும் விழுங்குவோர் இந்நாட்டில் ஏராளம். அவ்வகை பெரும்பாலும் தீங்கற்றது. உள்நோக்கியில் அதைக் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த மாத்திரை உண்மையில் தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்க அது ஒரு வாய்ப்பு.

பணம் எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைப்பதில்லை

2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு அளிக்கிறது. வெளிநோயாளியாக வந்து செய்துகொள்ளும் பரிசோதனைகள் பொதுவாக அதில் சேராது. ஆக, குடல் புற்று முற்றிய பின் அறுவைக்கும் மருந்துக்கும் பணம் உண்டு. அது மொட்டாக இருந்தபோது கண்டுபிடிக்கப் பணம் இல்லை. காப்பீட்டை மட்டும் நம்பிய மருத்துவக் கொள்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காட்டை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22 கணக்குப்படி செலவிட்டது 1.84 விழுக்காடு. மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் ஊதிய வரம்போ 2017இல் நிர்ணயித்த 21,000 ரூபாய். சிறு ஊதிய உயர்வு கிடைத்ததும் தொழிலாளி அந்த மருத்துவமனையின் படியை விட்டு வெளியே தள்ளப்படுகிறார்.

இவற்றின் மீது போராட்டங்கள் நடக்கின்றன, நடக்கும். அதற்கிடையே கிளைகளும் சங்கங்களும் உடனே செய்யக்கூடியவை உண்டு. மலத்தில் இரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் மாறிப்போன மலப்பழக்கம், காரணமற்ற சோகை, உடல் மெலிவு ஆகியவற்றுள் எதுவுடன் எவர் வந்தாலும், சுவர் விளம்பர எண்ணுக்குப் போகாமல் அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்வது முதலாவது. விரல் பரிசோதனை நடந்ததா என்று கேட்பது அடுத்தது. பாலிப் அகற்றப்பட்டவரின் திசு ஆய்வு அறிக்கையை ரேஷன் அட்டை போலப் பத்திரப்படுத்தச் சொல்வதும் சிறிய வேலையன்று. ஊர் மாறி உழைக்கும் தொழிலாளியிடம் அதுவே அடுத்த மருத்துவருக்குக் கிடைக்கும் ஒரே தகவல்.

கடைசியாக ஒன்று. கொலனோஸ்கோப்பிக்கு முந்தைய மாலையிலிருந்து பேதி மருந்து கலந்த நீரை இலிட்டர் கணக்கில் குடித்துக் குடலை முற்றாகக் கழுவ வேண்டும். குடல் சுத்தமாகாவிட்டால் தட்டை மொட்டுகள் மறைந்துவிடும், பரிசோதனையே வீண். அன்றிரவு பத்துப் பதினைந்து முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். தாராவியிலோ தில்லியின் குடிசைப் பகுதியிலோ நூறு குடும்பத்துக்குச் சில கழிப்பறைகளும் இரவில் பூட்டிய கதவும் உள்ள இடத்தில் வாழும் ஒரு பெண்ணுக்கு, வீட்டிலேயே தயாராகி வாருங்கள் என்று அச்சிட்ட தாளைக் கொடுத்து அனுப்புவது அவரை வரவேண்டாம் என்று சொல்வதே ஆகும். முந்தைய நாளே சேர்த்து, கழிப்பறைக்கு அருகில் ஒரு கட்டிலும் மறுநாள் துணைக்கு வருபவருக்கு உட்கார ஓர் இடமும் தர, மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் நான்கு கட்டில்கள் போதும். அடுத்த மருத்துவமனை ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டிய கோரிக்கைகளில் இந்த நான்கு கட்டில்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.